ஹோல்ராய்டின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

பெவர்லி சக்டனுக்குச் சமையலறை பொருத்துகிற வேலை. ஹட்டர்ஸ்ஃபீல்டைச் சுற்றி இருபது மைல் வட்டத்தில் அவள் வேன் நிற்காத தெரு குறைவு. அடுப்புக்கு மேலே அலமாரி, தொட்டிக்குக் கீழே அலமாரி, மூலையில் சுழல்கிற அலமாரி என்று இருபத்தாறு வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை பழையதைப் பிடுங்கினால் வெள்ளிக்கிழமை புதுச் சமையலறையில் வீட்டுக்காரி டீ போட்டுக் கொடுத்துவிடுவாள். அவ்வளவு வேகம். அப்பேர்ப்பட்டவள் உட்கார்ந்து உட்கார்ந்து பதினோரு மாதம் ஒரே ஒரு நாற்காலியைச் செய்தாள் என்றால், புருஷன் கீத் சும்மா இருப்பானா?

"நம்ம பொண்ணே ஒம்பது மாசத்துல வந்துட்டா, பெவ்."

"அதான் அவகிட்ட இன்னும் பாலிஷ் வேலை பாக்கி கெடக்கு," என்றாள் பெவர்லி, உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நாற்காலிக்கு ஒரு காரணம் இருந்தது. ஏமஸ் ஹோல்ராய்ட் என்ற தச்சர் பிறந்து முந்நூறு வருஷம் ஆகிறது என்று யார்க்‌ஷர் முழுக்கக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மலையோரக் கிராமத்தில் பிறந்து, லண்டன் வரை போய்ப் பேர் வாங்கி, ஊரிலிருந்த பிரபுக்களுக்கெல்லாம் கட்டிலும் மேசையும் செய்து போட்டவர் அவர். அவர் செய்ததில் நல்லதெல்லாம் ஸ்கெல்பெக் மாளிகையில்தான் இருக்கிறது. அதிலும் நூலக அறையில் இருக்கிற அந்தப் பெரிய கை நாற்காலி, மஹோகனி மரத்தில் இலைகளும் சுருள்களுமாகச் செதுக்கினது, அதைப் பார்க்கவென்றே ஜப்பானிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். வந்து என்ன பயன்? கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இருக்கைமேல் எப்போதும் காய்ந்த முட்பூ ஒன்று இருக்கும். உட்காரக் கூடாது என்று பலகை எழுதி மாட்டுவதைவிட அது மரியாதை என்று அந்த ஊர் மாளிகைகளில் ஒரு வழக்கம்.

விழாவுக்காவது ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க அதே மாதிரி ஒரு நாற்காலி வேண்டும், செய்து தர உள்ளூரில் யாராவது உண்டா என்று மாளிகையிலிருந்து பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பெவர்லி எழுதிப்போட்டாள். மாலை வகுப்புக்குப் போய்ச் செதுக்கு வேலை பழகியிருந்தாள், அந்தத் தைரியம். அளவுகள் கொடுத்தார்கள், படங்கள் கொடுத்தார்கள், இருக்கைக்கு அதே நீலப் பட்டில் மிச்சமிருந்த துண்டையும் கொடுத்தார்கள். அசலைத் தொட மட்டும் விடவில்லை. ஏழு தடவை போய், கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். மாளிகைச் சாமான்களைப் பராமரிக்கிற ரோவீனா, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி பூ ஜாடியைத் தூக்குகிறவள், ஏழு தடவையும் பக்கத்திலேயே நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க பெவர்லி. எனக்கே கையுறை இல்லாம தொட அனுமதி கெடையாது."

"பரவால்ல. தொடாமலே காதலிச்சவங்க எத்தனை பேர்," என்றாள் பெவர்லி தரையிலிருந்து.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விழா. வெயில் நன்றாக அடித்தது, அதுவே பாதி விழா. புல்வெளியில் பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் பன்றிக்கறி உள்ளே வைத்துச் சுட்ட பண்டம், ருபார்ப் கேக், பெரிய பாய்லரில் டீ. பெவர்லி சுரங்க வேலைக்குப் போகிறவள் மாதிரி எப்போதும் போடுகிற கால்சட்டையை விட்டுப் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கீத் அதைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டியதே பெரிய பாராட்டு.

நூலக அறை வாசலில் ஜெரால்ட் ஆர்மிட்டேஜ் நின்றிருந்தார். பஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்பது வருஷமாக இந்த அறைக்குச் சம்பளமில்லாத காவல். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கணக்கெடுக்க அமுக்குகிற ஒரு சின்ன இயந்திரத்தைக் கையில் வைத்திருந்தார்.

"வாங்க, வாங்க! உங்க நாற்காலிக்கு இருக்கற கூட்டத்தப் பாத்தீங்களா? இருநூத்தி ஒம்பது! பேங்க் லீவு அன்னிக்குக் கடற்கரைக்குப் போற ஸ்கார்பரோ பஸ்ல கூட நான் இப்படிப் பாத்ததில்ல."

உண்மைதான். நீண்ட அறையின் ஒரு கோடியில் 'உட்காருங்கள்' என்று அட்டை வைத்து நாற்காலி போட்டிருந்தது. வரிசை மாடிப்படி வரை போனது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொரு முகமும் ஒரு விதமாக மாறியது. ஒரு கிழவி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ராணி மாதிரி கையை நீட்டினாள், பேத்தி குனிந்து முத்தம் கொடுத்தாள். ஓர் இளைஞன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தன் காதலியைப் பார்த்து, "யாரங்கே, டீ கொண்டு வா," என்றான். "நீயே போய் எடுத்துக்கடா, பிரபுவே," என்று பதில் வந்தது. பெவர்லி சுவரோரம் நின்று, நாற்காலியை விட்டுவிட்டு முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை மாட்டிக் கொடுத்தால் நன்றி சொல்லுவார்கள்தான். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்து சிரிக்க மாட்டார்கள் அல்லவா?

அறையின் மறு கோடியில் ஜன்னல் திரைகளைப் பாதி இறக்கியிருந்தார்கள், பழைய பட்டு வெளுத்துவிடக் கூடாதென்று. அந்த மங்கல் வெளிச்சத்தில், கயிற்றுக்குப் பின்னால், முட்பூவோடு அசல் நாற்காலி. அதன் முன்னால் முப்பது நாற்பது பேர் கூடியிருக்க, லண்டனிலிருந்து வந்த டாக்டர் ஜூலியன் பெல்லிங் பேசிக்கொண்டிருந்தார். ஹோல்ராய்டைப் பற்றி முப்பது வருஷமாக எழுதுகிறவர். ஒல்லியான, கூச்சமான மனுஷர், ஆனால் நாற்காலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூச்சமெல்லாம் போய்விடும். ரயில் தாமதமாகி, பெட்டியைக்கூட எங்கேயோ போட்டுவிட்டு நேராகப் பேச வந்துவிட்டாராம்.

பெவர்லி கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள்.

"அந்தப் பக்கம் இருக்கறது ரொம்ப அழகான நகல்," என்றார் பெல்லிங். "செஞ்சவங்களுக்கு என் வணக்கம். ஆனா நகல் எப்பவும் சரியா இருக்கும். அதுதான் அதோட குறை. இதப் பாருங்க." டார்ச்சை நாற்காலியின் முதுகுப் பலகையில் அடித்தார். "எடது பக்கம், மூணாவது இலை. மத்த இலையெல்லாம் நேரா இருக்கு. இது மட்டும் நுனியில லேசாத் திரும்பியிருக்கு, காத்து பட்ட மாதிரி. இத்தன வருஷமாப் பாத்தும் இன்னிக்குத்தான் என் கண்ணுல பட்டுது. எந்த நகல்காரரும் இதச் செய்யத் துணிய மாட்டாங்க. இதுதான் ஹோல்ராய்டோட கை!"

கூட்டம் "ஆகா" என்றது. கழுத்துகள் நீண்டன.

பெவர்லியின் கழுத்தும் நீண்டது. அந்த இலையை அவளுக்குத் தெரியும். பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, குழி உளியால் நுனியை இழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேட்லியிலிருந்து ஓர் அம்மா, தொட்டி ஒழுகுகிறதென்று. கை வழுக்கி உளி ஓரத்தைத் தின்றுவிட்டது. அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டு, காயம் தெரியாமலிருக்க நுனியைக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். கெட்டிக்காரத்தனமெல்லாம் இல்லை, வேறு வழியில்லாமல் செய்தது.

அது அவள் நாற்காலி. கயிற்றுக்குப் பின்னால், முட்பூவைச் சுமந்துகொண்டு, நாற்பது பேர் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுடைய நாற்காலி!

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பெவர்லி வாயைத் திறக்கவில்லை. உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு கிளம்பி உச்சந்தலை வரைக்கும் போனது. இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டதும் இல்லை.

அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. இது தன்னுடையது என்றால், அங்கே எல்லாரும் உட்காருவது எது?

திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அடுத்த ஆள், கொட்டகைக் கதவு மாதிரி அகலமான ஒரு மனுஷர், பெல்ட்டை ஏற்றிக்கொண்டு நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பெவர்லி நூலகத்தின் கம்பளத்தில் ஓடினாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஓடினதற்கப்புறம் அப்படி ஓடினதில்லை. ஆனாலும் தாமதமாகிவிட்டது. மனுஷர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி ஒரு முனகல்கூட முனகவில்லை.

"ஆஹா," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. டக்ளஸ் என்று பெயர், மேட்டு நிலத்தில் ஆடு வளர்க்கிறவர், மனைவி டீக்குக் கூடாரத்துக்குப் போய்விட்டதுகூடத் தெரியாமல் அவளிடம் பேசினார். "ஐரீன், இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுக்கும் வேணும்."

"எந்திரிங்க," என்றாள் பெவர்லி, மூச்சு வாங்க. "தயவுசெஞ்சு. இப்பவே."

"இப்பத்தானே உக்காந்தேன்!"

"எனக்குத் தல சுத்துது. நான் உக்காரணும்."

டக்ளஸ் நல்ல மனுஷர். சட்டென்று எழுந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். கூச்சல் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அசல் இங்கே இருக்கிறது என்று கத்தினால் அறையில் இருக்கிற நூறு பேரும் ஒரே தாவாகத் தாவியிருப்பார்கள். அங்கே பாவம் அந்த டாக்டர் பாதிப் பேச்சில் நிற்கிறார். அதோடு, உட்கார்ந்திருக்கிற பொம்பளையை யாரும் தூக்கி எறிந்துவிட்டு உட்கார மாட்டார்கள். அது ஒன்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது.

ஆனால் உட்கார்ந்தாளா? அதுவும் இல்லை. இருக்கையின் விளிம்பில் கவுன் மட்டும் படும்படி, பாரத்தையெல்லாம் தொடையில் தாங்கிக்கொண்டு, பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் நின்றாள். தொட்டிக்கு அடியில் குழாய் மாட்டும்போது அப்படி எத்தனையோ மணிநேரம் இருந்து பழக்கம். ஆனாலும் அரை நிமிஷத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"கீத்! ரோவீனாவைக் கூட்டிட்டு வா. ஓடு!"

"என்னாச்சு? தண்ணி கொண்டாரவா?"

"ரோவீனாவக் கொண்டா!"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் கீத்துக்கு ஒன்று தெரியும். பெவ் இந்தக் குரலில் பேசினால் காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஓடினான்.

ஜெரால்ட் வந்து குனிந்தார். பெவர்லி அவர் காதுக்கருகே, "ஜெரால்ட், இது அசல்," என்றாள். வெளியே வாத்தியக்காரர்கள் உச்சத்தில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டின் காதுக் கருவியில் வாத்தியம்தான் கேட்டது.

"அசதியா? எல்லாருக்கும் அசதிதான், கண்ணு. ஆளுக்கு ஒரு நிமிஷம், அதான் கணக்கு. அடுத்த நிறுத்தத்துல எறங்கிடணும்."

"அசல்! அ-ச-ல்!"

"ஆமாமா, அசப்புல அசல் மாதிரியேதான் இருக்கு. பிரமாதமா செஞ்சிருக்கீங்க. இப்ப எறங்குங்க."

வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. "ஏம்மா, முட்டையா போடற, இவ்வளவு நேரம்?" என்றது ஒரு குரல். "அவங்கதான் செஞ்சாங்களாம், அதான் எறங்க மனசு வரல," என்றாள் யாரோ. "செஞ்சவங்க அவங்க வீட்டுலயே போய் உக்காரக் கூடாதா?" என்றான் காதலியிடம் டீ கேட்ட இளைஞன், இரண்டாம் தடவை வரிசையில் நின்றவன். பெவர்லி சிரித்து மழுப்பினாள். நெற்றியில் வேர்வை கோடாக இறங்கியது. நிதானம் தவறாமலிருக்க வலது கையை நாற்காலிக் கையின் அடியில் கொடுத்துப் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றாள்.

கைக்கு மேல்பக்கம் பட்டு மாதிரி, தண்ணீர் ஓடின கூழாங்கல் மாதிரி வழவழப்பு. அடிப்பக்கமோ, சொரசொரவென்று இருந்தது. விரல் நுனியால் தடவினாள். உளி விழுந்த தடங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, அகலமாக, வேகமாக, அவசரமாக. உப்புத்தாள் பட்ட அடையாளமே இல்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்து வேலையை முடித்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போயிருக்கிறார் மனுஷர்.

பெவர்லி தன் நாற்காலியில் அந்த இடத்தை மூன்று வாரம் தேய்த்திருந்தாள். மாபெரும் ஹோல்ராய்ட் ஒரு அங்குலம்கூட விட்டிருக்க மாட்டார் என்று நினைத்து, விரல் தோல் உரிய உரியத் தேய்த்திருந்தாள். சமையலறை அலமாரியின் முதுகை, சுவரைப் பார்க்கிற பக்கத்தை, அவள் என்றைக்காவது தேய்த்ததுண்டா? எந்தப் பைத்தியக்காரி தேய்ப்பாள்?

"அட, திருட்டுப் பயலே," என்றாள் முந்நூறு வருஷத்துக்கு முந்தின மனுஷரைப் பார்த்து. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். தொடை நடுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் போட்டுச் சிரித்தாள். முட்டை போடுவதைப் பற்றிக் கேட்டவர் பயந்து ஓரடி பின்னால் போனார்.

அந்த நேரத்தில் ரோவீனா வந்து சேர்ந்தாள், பின்னால் மூச்சிரைக்கக் கீத். பெவர்லி முன்காலில் இருந்த பழைய தேய்மானத்தைக் கண்ணால் காட்டினாள். ரோவீனா முட்டி போட்டாள். பார்த்தாள். மறுகோடியைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"எவ்வளவு நேரமா?"

"காலையிலேர்ந்து."

"எத்தன பேர்?"

ஜெரால்ட் இயந்திரத்தைப் பார்த்துப் பெருமையோடு சொன்னார்: "இருநூத்தி பதினாலு!"

ரோவீனா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அவர் காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்து, இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஜெரால்டின் கையிலிருந்து இயந்திரம் கம்பளத்தில் விழுந்தது. ஆனால் முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா? நிமிர்ந்து, வரிசையைப் பார்த்து, மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸில் பேசின அதே குரலில் சொன்னார்.

"பெரியோர்களே, வண்டி ரிப்பேர். யாரும் பதற வேண்டாம். எல்லாரும் எறங்கி ரெண்டடி தள்ளி நில்லுங்க."

எல்லாரும் தள்ளி நின்றார்கள். கீத்தும் டக்ளஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்து பெவர்லியை எழுப்பி நிறுத்தினார்கள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் பெல்லிங் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார், அவர் பின்னாலேயே அவர் கூட்டமும். ரோவீனா அவரைத் தனியே ஓரமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் முதலில் புன்னகை செய்தார். பிறகு புன்னகை போய்விட்டது. காதுமடல் இரண்டும் பீட்ரூட் நிறமாகிவிட்டது. பெவர்லிக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நேராக அவளிடம்தான் வந்தார்.

"அந்த மூணாவது இலை?"

"போன் அடிச்சுது சார். கை வழுக்கிடுச்சு."

"வழுக்கிடுச்சு," என்று அவரும் சொல்லிப்பார்த்தார்.

சுற்றி நூறு பேர் நிற்கிறார்கள். என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படியே மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம் அவர். ரோவீனாகூட அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் பெல்லிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, கால் மணிநேரமா நான் உங்களுக்கு ஒரு பெரிய கலைஞரோட கைய வர்ணிச்சுக்கிட்டு இருந்தேன். அது சரியாத்தான் சொன்னேன். ஆனா அந்தக் கலைஞரோட பேர் ஏமஸ் ஹோல்ராய்ட் இல்ல. இதோ, இவங்க. உங்க பேர் என்னம்மா?"

"பெவர்லி சக்டன். சமையலறை பொருத்தறேன்."

யாரோ கை தட்டினார்கள், அப்புறம் அறையே தட்டியது. கீத்தான் அதிகச் சத்தமாகத் தட்டினான். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் டக்ளஸ் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அப்ப நான் உக்காந்தது?"

"அது ஹோல்ராய்ட் செஞ்சது," என்றார் பெல்லிங்.

"நெசமானதா?"

"நெசமேதான்."

"ஐரீன்!" என்று கத்திக்கொண்டு டக்ளஸ் கூடாரத்தை நோக்கிப் போனார். அரை மணிநேரத்தில் சேதி புல்வெளி முழுக்கப் பரவிவிட்டது. உட்கார்ந்தவர்கள் அன்றைக்குப் பிரபுக்கள் ஆனார்கள். டீக்கு நிற்கிற வரிசையில் அவர்களுக்கு வழி விட்டார்கள். தொப்பிக் கிழவியைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டது. "கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு," என்றாள் அவள். உட்காராதவர்கள் ஜெரால்டைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் இருநூத்திப் பதினஞ்சாவது ஆளு! ரெண்டு நிமிஷம் முந்தி வந்திருந்தா!" என்று ஒருவர் ஆறாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜெரால்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. கருவி சரியாகத்தான் இருந்தது, மனசுதான் சரியாக இல்லை. நூலகத்தைச் சாத்தினதும் ரோவீனாவிடம் வந்து, கோட்டில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைக் கழற்றி நீட்டினார்.

"நான்தான்மா. காலையில போட்டோக்காரர் ரெண்டையும் ஜன்னல்கிட்ட சேத்து வெச்சு எடுக்கணும்னாரு. எடுத்தப்புறம் திருப்பி வெச்சது நானு. முட்பூவ எதுமேல வெக்கறதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். யோசிச்சுத்தான் வெச்சேன்."

"ஜெரால்ட், போட்டோ எடுக்கறப்ப நான் எங்க இருந்தேன்? மாடியில மாட்டிக்கிட்ட திரையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தேன். கூட இருந்திருக்க வேண்டியது நான். அதக் குத்திக்கிட்டு வாங்க, வெளக்கப் பிடிக்க ஆள் வேணும்."

கையுறை போட்டுக்கொண்டு ரோவீனா நாற்காலியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒவ்வொரு மூட்டையும் மெல்ல அசைத்தாள். ஜெரால்ட் விளக்கைப் பிடித்திருந்தார், விளக்குதான் ஆடியது, நாற்காலி ஆடவில்லை. பட்டில் இரண்டு சுருக்கம், ஒரு கேக் துணுக்கு. வேறொன்றும் இல்லை. இருநூற்றிப் பதினாலு பேர், அதில் டக்ளஸ் ஒருவர், இருந்தும் ஒரு மூட்டுகூட இளகவில்லை.

"நான் இப்ப ரொம்பக் கோவமா இருக்கணும்," என்றாள் ரோவீனா, தரையில் உட்கார்ந்தபடி. "முயற்சி பண்ணிப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது."

பெவர்லி அப்போதுதான் பெல்லிங்கிடம் கேட்டாள்: "சார், நீங்க கைக்கு அடியில பாத்திருக்கீங்களா?"

"முப்பது வருஷமாப் பாக்கறேன். கவுத்துப் பாக்க யாரும் விட்டதில்ல."

ரோவீனா இருவரையும் பார்த்தாள். பிறகு பெரிய போர்வையை விரித்தாள். அவளும் கீத்துமாக நாற்காலியைத் தூங்குகிற குழந்தையைப் புரட்டுகிற மாதிரி புரட்டிக் கிடத்தினார்கள். ஜன்னல் திரையை ஒரு சாண் தூக்கினதும் மாலை வெயில் அந்தச் சொரசொரப்பில் விழுந்து, உளித் தடங்கள் ஒவ்வொன்றும் எழும்பி நின்றன. பெல்லிங் தரையில் மண்டியிட்டு, தடம் தடமாகக் கண்ணை ஓட்டினார்.

"அவசரத்துல இருந்திருக்காரு," என்றார் கடைசியில்.

"கெட்டிக்காரரா இருந்திருக்காரு," என்றாள் பெவர்லி. "பாருங்க, இங்க உளிய மாத்திப் பிடிச்சிருக்காரு. கை வலிச்சிருக்கும். கூட வேல செய்யற எவனும் 'இங்க எதுக்கு இழைக்கறே, விட்டுத் தள்ளு'ன்னுதான் சொல்லியிருப்பான். நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

பெல்லிங் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எந்த உளி, எந்தப் பக்கமிருந்து, முதல் வெட்டு எது, கடைசி வெட்டு எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை அவள் தப்பாகச் சொல்கிறாள் என்று வாதாடினார். அவள் தன் வேனிலிருந்து உளியைக் கொண்டுவந்து ஒரு விறகுத் துண்டில் வெட்டிக் காட்டினாள். அவர் தலையாட்டி நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டார்.

ஆறு மணி அடித்தது. வாத்தியக்காரர்கள் போய்விட்டார்கள். புல்வெளியில் கூடாரத்தைப் பிரிக்கிற சத்தம். அசல் நாற்காலியைக் கயிற்றுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தத் தடவை முட்பூவை ரோவீனா கையால் வைத்தாள், ஜெரால்ட் கையைக் கட்டிக்கொண்டு தூர நின்று சரிபார்த்தார். பெவர்லியின் நாற்காலி 'உட்காருங்கள்' அட்டைக்குப் பக்கத்தில் வந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதில்தான் உட்காரும்.

"நான் உக்காந்து பாக்கலாமா?" என்றார் பெல்லிங். "இன்னிக்கு ஒண்ணுலயும் உக்காரல."

"தாராளமா."

அவர் கோட்டின் வாலைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக உட்கார்ந்தார். கையை வைத்தார். நன்றாகச் சாய்ந்தார்.

க்ரீச்.

கீத் கூரையில் வரைந்திருந்த தேவதைகளை எண்ண ஆரம்பித்தான். ஜெரால்டுக்கே அது கேட்டுவிட்டது.

"எந்திரிச்சிடட்டுமா?" என்றார் பெல்லிங், மூச்சை அடக்கிக்கொண்டு.

"அசையாதீங்க." பெவர்லி பச்சைக் கவுனோடு கம்பளத்தில் மண்டியிட்டுப் பின்காலில் காதை வைத்தாள். "எடது கால். மூட்டுக் கட்டையோட நாக்கு துளைக்குள்ள சரியா எறங்கல, பசை மட்டும்தான் பிடிச்சிருக்கு. இப்ப மெதுவா முன்னாடி போங்க சார். ம். இப்பப் பின்னாடி."

க்ரீச்.

"இன்னொரு தடவ. கொஞ்சம் பாரமா உக்காருங்க, டக்ளஸ்னு நெனச்சுக்குங்க."

ஹோல்ராய்டைப் பற்றி ஆறு புத்தகம் எழுதின டாக்டர் பெல்லிங் கன்னத்தை உப்பிக்கொண்டு, தன்னால் முடிந்தவரை டக்ளஸாக மாறி, முன்னும் பின்னும் ஆடினார். பெவர்லி பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, சத்தம் வருகிற இடத்தைத் தேடி, காதை மெல்ல மெல்ல மேலே நகர்த்தினாள்.